அனுப்பியாச்சு மாமா!

சென்ற இதழின் முடிவில், மழைக்காலம் வருமுன் வீட்டுக் கூரையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூரை இன்னும் ஒரு மாதம் தாங்கும். இடையில் என் அக்காள் மகனுக்கு ஒரு சங்கடம் வந்து, அதிலேயே என் நாட்கள் போய்விட்டன. சிறுதொழில் செய்யும் நம்மவர் பலர் இன்று மின்னஞ்சலை நம்பித்தான் விலை சொல்கிறார்கள், பில் அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் இதே சங்கடம் வரக்கூடும். கணினி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கே புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

மருமகன் கிள்ளானில் மசாலைத்தூள் ஆலை வைத்திருக்கிறான். ஆலை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இரண்டு கடைவீடுகளை ஒன்றாக்கிப் பின்னால் அரைக்கும் இயந்திரம், முன்னால் பொட்டலம் கட்டும் மேசை, மாடியில் ஆபிஸ். அவனையும் சேர்த்து 14 பேர். நான் வாரத்தில் இரண்டு நாள் போய்க் கணக்கைப் பார்த்துக் கொடுப்பேன். தோட்டத்தில் கிராணியாக இருந்தவனுக்குக் கணக்குப் புத்தகத்தைத் தொடாவிட்டால் கை அரிக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஷா ஆலத்தில் உள்ள ஓர் ஓட்டலிலிருந்து, ஓராண்டுக்கு மிளகாய்த்தூளும் இறைச்சி மசாலையும் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மின்னஞ்சலில் விலை வந்தாக வேண்டும். மருமகன் செவ்வாய்க்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டான். அடுத்த திங்கட்கிழமை பிற்பகல், என்ன ஆயிற்று என்று கேட்கப் போன் போட்டான். மறுமுனையில் இருந்த அம்மையார், "உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லையே, வேறு ஒருவருக்குக் கொடுத்தாயிற்று" என்று சொல்லிவிட்டார்.

அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். "அனுப்பியாச்சு மாமா, இங்க பாருங்க" என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். அனுப்பியவை என்ற பகுதியில் அந்தக் கடிதம் இருந்தது. தேதி, நேரம் எல்லாம் சரி. மாதம் 300 கிலோ போக வேண்டிய வியாபாரம். புது இயந்திரத்துக்கு வங்கியில் வாங்கிய கடனுக்கு மாதத் தவணையை அதிலிருந்துதான் கட்டுவதாக இருந்தான்.

அனுப்பிய கடிதம் எங்கே போயிற்று? அன்று மாலை தே தாரிக் ஆறிப்போகும்வரை இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆலையின் மின்னஞ்சல் வெளியார் யாரிடமும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் சொந்தச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவரும் வரவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை. விளக்கு எரிகிறது, கடிதம் வருகிறது, அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ஒரு பெண்ணை வரவழைத்தோம். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது கம்பெனிகளுக்குக் கணினிப் பணி செய்து கொடுக்கும் பெண். வந்ததும் "பசியாறியாச்சா அங்கிள்?" என்று என்னைக் கேட்டுவிட்டு நேராகப் படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், இந்தச் சர்வர்ல வெளியே போக முடியாம எத்தனை கடிதம் காத்துக்கிட்டு இருக்கு தெரியுமா?" என்றது. நான் பத்து, பதினைந்து என்று நினைத்தேன். சுமார் 11 ஆயிரம். அதில் ஆலையினுடையது முப்பதுகூட இராது. மற்றதெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதியவை. மருந்து வேண்டுமா, கடன் வேண்டுமா, லாட்டரி விழுந்திருக்கிறது என்பது மாதிரியான கடிதங்கள்.

எனக்குச் சட்டென்று பழைய தோட்டத்துத் தபால் பை நினைவுக்கு வந்தது.

நான் கோல சிலாங்கூர் பக்கம் சின்னக் கிராணியாகச் சேர்ந்தபோது, லயத்து மக்கள் கடிதம் போட வேண்டுமானால் டவுனுக்குப் போக மாட்டார்கள். ஆபிசில் கொண்டுவந்து கொடுப்பார்கள். கித்தான் துணியில் பூட்டுப் போட்ட பை ஒன்று உண்டு. ஒரு சாவி ஆபிசில், இன்னொரு சாவி தபால் நிலையத்தில். ஆபிஸ் பையன் காலையில் சைக்கிளில் எடுத்துப் போவான். தோட்டத்தின் பெயர் சொன்னால் போதும், தபால் நிலையத்தில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். கூலிக்காரர் ஒருவர் தாமே நடந்து போய்க் கொடுக்கும் கடிதத்துக்கு இல்லாத மரியாதை அந்தப் பைக்கு இருந்தது. 'லாக்ட் பேக்', மலாயில் 'பெக் பெர்குஞ்சி' என்று இன்றும் நம் நாட்டு முகவரிகளில் பார்க்கிறீர்கள் அல்லவா, அதில் பூட்டு என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் தபால் நிலையத்திலிருந்து துரைக்குக் கடிதம் வந்துவிட்டது. தோட்டத்துப் பையில் நாட்டு மருந்து விளம்பரம் கட்டுக் கட்டாக வருகிறது, இது என்ன என்று கேட்டு. விசாரித்தால், மெயின்ரோட்டில் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் ஆபிஸ் பையனுக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்துப் பழக்கம் பிடித்து, தம் விளம்பரத்தை எல்லாம் நம் பையில் திணித்துக்கொண்டிருந்திருக்கிறார். பையைப் பூட்டும் பொறுப்பு என்னுடையது. பூட்டாமல் அனுப்பியதும் நான்தான். துரையிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதைவிடக் கொடுமை என்னவென்றால், அதன் பிறகு இரண்டு வாரம் தபால் நிலையத்தில் எங்கள் பையைத் தனியே ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு கடிதமாகப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஊருக்குப் பணம் அனுப்பியதாக எழுதியிருந்த கடிதமெல்லாம் அதில் மாட்டிக்கொண்டது.

ஆலைச் சர்வரில் நடந்திருந்ததும் இதேதான்.

மின்னஞ்சல் போகும் வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் எழுதி அனுப்பியதும் கடிதம் முதலில் நம் சர்வருக்குப் போகும். அது, பெறுபவரின் கடிதங்களை எந்தச் சர்வர் வாங்குகிறது என்று விசாரித்து, அதன் 25-ஆம் எண் வாசலில் போய்த் தட்டும். 'போர்ட்' என்று சொல்லும் இந்த வாசல்களுக்கெல்லாம் எண் உண்டு. இரண்டு சர்வர்களும் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்பவர் 1982 ஆகஸ்டில் அதை எழுதி வெளியிட்டார். அப்போது வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளர்களும்தாம். ஒருவர் கடிதத்தை இன்னொருவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பது அங்கே ஒரு மரியாதையாக இருந்தது. வருகிறவர் யார், சொல்லும் பெயர் உண்மையா என்று பார்க்கும் ஏற்பாடே அந்த முறையில் இல்லை.

அந்த நல்லெண்ணத்தைக் கெடுக்க ஆள் முன்பே இருந்தார் என்பது வேறு கதை. 1978 மே மாதம் 3-ஆம் தேதி, டெக் என்ற கணினிக் கம்பெனியின் விற்பனையாளர் கேரி துயர்க் என்பவர் தம் கம்பெனியின் புதிய கணினிகளைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் விளம்பர மின்னஞ்சல் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். 1990-களில் இது பெருவெள்ளமாகிவிட்டது. விளம்பரக்காரர்கள் சொந்தச் சர்வரிலிருந்து அனுப்பவில்லை. யார் கொடுத்தாலும் வாங்கி அனுப்பும் ஏமாளிச் சர்வர்களைத் தேடிப் பிடித்து அவற்றின் தலையில் கட்டினார்கள். இப்படித் திறந்து கிடக்கும் சர்வருக்கு 'ஓப்பன் ரிலே' என்று பெயர். பொறுக்க முடியாமல் 1997-இல் பால் விக்சி என்பவர் கெட்ட பெயர் எடுத்த முகவரிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அடுத்த ஆண்டு லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் என்பவர் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று கடிதம் வாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை, வாசலில் நிற்பவரின் எண் முகவரி இத்தகைய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கின்றன.

நம் ஆலை அந்தப் பட்டியலில் ஏறியிருந்தது! எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். நகலெடுக்கும் இயந்திரத்தால். பில்லை அதில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் படம் பிடித்து மின்னஞ்சலாக அனுப்பும். அந்தப் பழைய இயந்திரத்துக்குப் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே நுழையத் தெரியவில்லை. அதற்காக, யாரோ ஒரு நாள், சர்வர் யார் யாரை நம்பலாம் என்ற இடத்தில் அந்த இயந்திரத்தின் முகவரியை மட்டும் எழுதாமல், உலகத்தில் உள்ள அத்தனை முகவரிகளையும் நம்பலாம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வேலை நடந்தது. எல்லோருக்கும் திருப்தி.

கடிதம் போகவில்லை என்று ஏன் தெரியாமல் போயிற்று? இதைத்தான் நான் மீண்டும் மீண்டும் கேட்டேன். அந்தப் பெண் சர்வரின் பதிவேட்டைத் திறந்து ஓட்டலுக்குப் போன கடிதத்தின் வரிகளைக் காட்டியது. எதிர்ச் சர்வர் சொல்லும் பதில் மூன்று இலக்க எண்ணாக வரும். 2-இல் தொடங்கினால் வாங்கிக்கொண்டோம் என்று பொருள். 5-இல் தொடங்கினால் வேண்டாம், போ. 4-இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. ஓட்டல் சொன்னது 4. நம் சர்வரும் நல்ல பிள்ளையாகத் திரும்பத் திரும்பப் போய்த் தட்டியிருக்கிறது. இந்தச் சர்வரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள். தனியாக ஒன்றும் மாற்றாவிட்டால் அது ஐந்து நாள் முயன்று பார்க்கும். அந்த ஐந்து நாளும், தாமதமாகிறது என்று நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. ஐந்தாம் நாள்தான் திருப்பி அனுப்பும். செவ்வாய் போட்ட கடிதம் ஞாயிறு திரும்பியது. வெள்ளியோடு கெடு முடிந்தாயிற்று.

திரும்பிய கடிதத்தைத் திங்கள் காலை கணக்கெழுதும் பெண் பார்த்தாள். பார்த்தவுடன் அழித்துவிட்டாள். அனுப்பியவர் பெயர் 'மெயிலர் டீமன்' என்று இருந்ததாம். "பேய் அனுப்பின மாதிரி இருந்துச்சு ஐயா, வைரஸ்னு நினைச்சேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரைக்குப் பின்னால் ஓயாமல் ஓடும் வேலைக்கார நிரலுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் வரும் கடிதத்தை அழிக்காதீர்கள். உங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை என்று சொல்லும் ஒரே ஆள் அதுதான்.

இனி என்ன செய்வது? வழி இரண்டு உண்டு என்று அந்தப் பெண் சொன்னது. ஒன்று, கெட்டுப்போன பெயரை நாமே சரிசெய்துகொள்வது. ஒவ்வொரு பட்டியல்காரரிடமும் மனுப் போட வேண்டும். இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடம் சொல்லி, எண் முகவரிக்கு ஏற்ற பெயரைப் பதியச் சொல்ல வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்ல பெயர் எடுக்க வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகலாம். இரண்டாவது வழி, வெளியே போகும் கடிதங்களை மட்டும் நல்ல பெயருள்ள இன்னொரு சர்வரிடம் ஒப்படைத்துவிடுவது. வருகிற கடிதம் எப்போதும் போல நம் சர்வருக்கே வரும். போகிற கடிதம் அவர்கள் கையால் போகும். இதற்குத்தான் ரிலே என்று பெயர். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் நாம் 'அஞ்சல் ஓட்டம்' என்கிறோமே, அதே சொல். நம்மவர் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

மருமகனுக்கு அவசரம். "இன்னிக்கே ரிலே போட்டுடலாமா?" என்றான். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டு, "முதல்ல கதவைச் சாத்தணும் அண்ணே" என்றது. எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் எவ்வளவு பெரிய பேச்சு என்று தெரிந்தது. கதவைத் திறந்து போட்டபடி ரிலே வைத்திருந்தால், அந்த 11 ஆயிரம் கடிதமும் நம் பெயரில், நம் காசில், ரிலே நிறுவனத்தின் வழியாக ஒரே இரவில் வெளியே போயிருக்கும். இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் கடித எண்ணிக்கைக்குத்தான் பணம் வாங்குகின்றன. அதுகூடப் பரவாயில்லை. மறுநாளே கணக்கை மூடியிருப்பார்கள். என் தபால் பையை ஒதுக்கி வைத்த மாதிரி.

ஆகவே முதல் வேலை, உலகத்தையே நம்பிய வரியை அழித்துச் சர்வர் தன்னையும் நகலெடுக்கும் இயந்திரத்தின் ஒரே ஒரு முகவரியையும் மட்டும் நம்பும்படி எழுதியது. விற்பனைக்கு வெளியே போகும் பையன்கள் கைபேசியிலிருந்து அனுப்புவதானால் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அடுத்து, காத்திருந்த வரிசையில் ஆலையின் கடிதங்களைத் தனியே பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதை அழித்தது. ஒரு கடிதம் தவறாமல் பொறுக்க மூன்று மணி நேரம். எல்லோருடைய கடவுச்சொல்லையும் அன்றே மாற்றச் சொன்னது. மருமகனின் கடவுச்சொல் கடையின் பெயரும் 123-ம். அதை இங்கே எழுதலாம், மாற்றிவிட்டான்.

பிறகுதான் ரிலே. ஒரு நிறுவனத்தில் கணக்குத் திறந்தோம். இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று அவர்கள் முதலில் கேட்டார்கள். கேட்காதவர்களிடம் போகாதீர்கள், அங்கே யார் யாரோடு நம் கடிதம் சேர்ந்து போகிறதோ! ஒரு பயனர் பெயர், நீளமான கடவுச்சொல், சர்வரின் பெயர், 587 என்ற வாசல் எண், இவ்வளவும் கொடுத்தார்கள். 25-ஆம் வாசல் சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ள. நம்மைப் போல் கணக்கு வைத்திருப்பவர்கள் யாரென்று சொல்லிக் கடிதத்தை ஒப்படைப்பதற்கென்று 587-ஐ 1998 டிசம்பரில் தனியே பிரித்துவிட்டார்கள். சிலர் 465 என்று கொடுப்பார்கள், அதுவும் சரிதான். தொடக்கம் முதலே பேச்சைப் பூட்டி வைத்துப் பேசும் வாசல் அது.

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் 'ரிலேஹோஸ்ட்' என்ற வரியில் அந்தச் சர்வரின் பெயரையும் 587-ஐயும் எழுத வேண்டும். பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். போடாவிட்டால் அந்தப் பெயருக்குக் கடிதம் வாங்கும் சர்வர் எது என்று தேடிக்கொண்டு வேறெங்கோ போய்த் தட்டும். கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் எழுதி, சர்வரின் தலைமைப் பயனரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வைக்க வேண்டும். பேச்சு பூட்டப்படாவிட்டால் கடவுச்சொல்லைச் சொல்லவே கூடாது என்றும் ஒரு வரி உண்டு. மைக்ரோசாப்ட் எக்சேஞ்ச் வைத்திருப்பவர்கள் இதையே 'சென்ட் கனெக்டர்' என்ற இடத்தில், 'ஸ்மார்ட் ஹோஸ்ட்' வழியாக அனுப்பு என்று சொல்லிச் செய்யலாம்.

எல்லாம் எழுதி முடித்து முதல் கடிதத்தை அனுப்பினால் போகவில்லை. கடவுச்சொல் தவறோ என்று மூன்று முறை பார்த்தோம். தவறில்லை. பெயரும் கடவுச்சொல்லும் சொல்லும் முறைக்கான சிறு மென்பொருள் ஒன்று அந்தச் சர்வரில் ஏற்றப்படவே இல்லை. 'மெக்கானிசம் இல்லை' என்று பதிவேட்டில் வந்த ஒரு வரியை வைத்துக் கண்டுபிடித்தது அந்தப் பெண். அதை ஏற்றியதும் கடிதம் பறந்தது.

இத்துடன் முடிந்தது என்று எழுந்தேன். "இன்னும் பாதிதான் அங்கிள்" என்றது.

மீதிப் பாதி, கடிதம் வாங்குபவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய சேதி. நம் கம்பெனி பெயரில் எந்தச் சர்வர்கள் கடிதம் அனுப்பலாம் என்று இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இதற்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். ரிலே நிறுவனத்தை அதில் சேர்க்காமல் விட்டால், நம் பெயரை வேறு யாரோ போட்டுக்கொண்டு வருவதாகத்தான் எதிராளி நினைப்பார். மருமகன் அன்றிரவே ஆர்வமாக உட்கார்ந்து, பழைய வரியை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு எஸ்.பி.எஃப். வரியைச் சேர்த்துவிட்டான். அங்கேதான் சறுக்கல். ஒரு பெயருக்கு ஒரு வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரியில் பழையதையும் புதியதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது டிகிம். ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று குத்துவது. முத்திரையைச் சரிபார்க்கும் சாவியை நாம் பெயர்ப் பதிவேட்டில் வெளியிட்டால், வழியில் யாரும் கடிதத்தைத் திருத்தவில்லை என்று பெறுபவர் பார்த்துக்கொள்வார். மூன்றாவது டிமார்க். இந்தச் சோதனைகளில் தேறாத கடிதம் நம் பெயரில் வந்தால் என்ன செய்யலாம் என்று நாமே சொல்லி வைப்பது. முதலில் ஒன்றும் செய்யாமல் அறிக்கை மட்டும் அனுப்பச் சொல்லி வைத்திருக்கிறோம். நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரிந்த பிறகு கெடுபிடி செய்யலாம். இவையெல்லாம் பெரிய கம்பெனிக்காரர் சமாசாரம் என்று விட்டுவிடாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும், பெருமளவில் அனுப்புகிறவர்களிடம் மூன்றையும் கேட்கின்றன. நம்மைப் போன்ற சிறியவர்களிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது கேட்கின்றன. 2025 மே மாதம் மைக்ரோசாப்ட்டும், நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு அதே மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டது.

சோதனைக்கு என் சொந்த ஜிமெயில் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தோம். மூன்று சோதனைக்கும் நேரே 'பாஸ்' என்று இருந்தது. எஸ்.ஆர்.பி. பரீட்சை முடிவு பார்த்தபோது இருந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ரிலே வைத்த பிறகு நம் பதிவேட்டில் 'அனுப்பப்பட்டது' என்று வருவது, ரிலே நிறுவனம் வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்களா என்பது அவர்களுடைய பதிவேட்டில்தான் இருக்கும். கணக்கெழுதும் பெண் இப்போது தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. நம் சர்வரிலிருந்தே வெளியேற முடியாமல் நாலு மணி நேரம் தாமதமானால் உடனே சொல்லும்படி போஸ்ட்ஃபிக்ஸிலும் ஒரு வரி எழுதியாயிற்று. இன்னொன்று, ரிலே நிறுவனம் நினைத்தால் போகிற கடிதத்தைப் படிக்க முடியும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எண் போன்றவற்றைப் பொதுக் கடிதமாக அனுப்பும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 சிறு கடைக்காரரையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் வெளியாரிடம் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால், சொந்தச் சர்வரே வேண்டாம், மாதக் கட்டணம் கட்டி வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சர்வர், காவல்காரன் இல்லாத ஸ்டோர் மாதிரி. மருமகனுக்கு எட்டு ஆண்டுக் கடிதங்கள் அதில் இருப்பதால் மனம் வரவில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கு மாதம் ஒருமுறை வந்து பார்த்துப் போகச் சம்பளம் பேசியிருக்கிறான்.

ஓட்டல் வியாபாரம் திரும்பி வரவில்லை. வங்கித் தவணைக்கு இந்த ஆண்டு அவன் மனைவியின் நகைதான் கை கொடுத்தது. ஆனால் ரிலே போட்ட மூன்றாம் வாரம், தெலுக் இந்தானிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். ஆலையிலிருந்து பில் வந்ததாம். "இரண்டு மாசமா மூணு கடிதம் போட்டேன், பதிலே இல்லை. கடையை மூடிட்டீங்கன்னு நினைச்சுட்டேன் தம்பி" என்றார். மருமகன் தேடிப் பார்த்தான். மூன்று கடிதத்துக்கும் அவன் பதில் எழுதியிருந்தான். மூன்றும் அனுப்பியவை பகுதியில் பத்திரமாக இருந்தன.

கூரை விஷயம் அடுத்த இதழில்.